மேடைக்கென்று எடுத்து வைத்த பாயிண்ட்

மைக் செத்த பிறகும் என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே இருந்தார்.

ஒரு கை கூரையைக் காட்டியபடி நின்றது. வாய் அசைந்தது. "வெயில் அடிக்கிற வரைக்கும் இந்தக் கோயிலுக்குக் கரண்டு கவலையே கிடையாது" என்பதுதான் அவர் சொல்ல வந்தது. "இந்தக் கோயிலுக்கு" வரைக்கும் மைக்கில் வந்தது. மீதியை முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மட்டும் கேட்டன.

உச்சி வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் என்று நாங்கள் சொல்கிற சர்ச்சின் கூரையில் புதிதாகப் பூட்டியிருந்த சோலார் பேனல்களைப் பார்த்தால் கண் கூசியது. அவ்வளவு வெயிலுக்குக் கீழே, பந்தலில் கட்டியிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பந்தலே சிரித்தது.

நானும் சிரித்தேன். அன்றைய பட்டிமன்றத்துக்கு நான்தான் நடுவர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் சிரிப்பு முடிவதற்குள், மேஜைக்கு அடியில் இருந்த மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது.

மூச்சுக்கு ஒரு மிஷின்

போன வாரம் ராஜபாளையம் மில்லில் இழை ஒட்டிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நிறையப் பேர், "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று விசாரித்திருக்கிறீர்கள். அதற்குப் பதில்தான் இந்த வாரம்.

பஞ்சுத் தூசி என் நெஞ்சுக்குள் வீடு கட்டிக் குடியேறிவிட்டது. மில்லை விட்டு நின்றபோது இருமல் மட்டும்தான் இருந்தது. பிறகு வீட்டிலிருந்தபடியே தளவாய்புரம் வியாபாரிக்கு நைட்டி தைத்துக் கொடுத்தேன். தையல் மிஷினை மிதிக்க முடியாமல் போனபோது மோட்டார் பூட்டினேன். அந்த மோட்டாரின் முன்னால் உட்காரவே மூச்சு வாங்கியபோது, மதுரை டாக்டர் இந்த மிஷினை எழுதிக் கொடுத்தார்.

கான்சன்ட்ரேட்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் "மிஷின்" என்றால் போதும். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகத் தரும். பகலில் முக்கால்வாசி நேரம் அதோடுதான் இருக்கிறேன். கரண்ட் இருந்தால் ஓடும். இல்லையென்றால் கத்தும், பிறகு அதுவும் ஓய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு என்று சுவரோரம் ஒரு சின்ன சிலிண்டரை வாடகைக்கு வாங்கி நிறுத்தியிருந்தோம்.

இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. காது எப்போதும் மிஷினிடம் இருக்கிறது. யாராவது என்னிடம் பேசினால், பாதி காதுதான் அவர்களுக்கு. தெருவில் லைன்மேன் பைக் சத்தம் கேட்டால் கண் சுவரோரத்துச் சிலிண்டரைத் தேடும். மேற்கே செண்பகத்தோப்பு மலைக்கு மேலே மேகம் கறுத்தால் ஊரே சந்தோஷப்படும், எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளாது. மழை வருகிறது என்றால் லைன் போகப்போகிறது என்றுதான் எனக்கு அர்த்தம்.

மில்லிலும் இப்படித்தான். கரண்ட் சட்டென்று போனால் நூல் நூற்கிற பிரேமில் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை இழையும் தொய்ந்து அறுந்துபோகும். திரும்ப வந்ததும் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஊரெல்லாம் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற அந்த வருஷங்களில், ஒட்டி முடித்து நிமிர்வதற்குள் மறுபடி போகும். சூப்பர்வைசர் எங்களைத் திட்டுவார், நாங்கள் கரண்டைத் திட்டுவோம்.

ஆடியில் காற்று, மற்ற மாதம் சூரியன்

என் வீட்டுக்காரர் ஞானதாஸும் அதே மில்தான். ஆனால் அவரை மில்லுக்குள் பார்க்க முடியாது. மில் ராஜபாளையத்தில், மில்லின் காற்றாடிகள் கயத்தாறு பக்கம். அங்கே சுற்றுகிற காற்றாடியின் கரண்டை லைனில் விட்டு, இங்கே மில்லில் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அந்தக் காற்றாடிகளில் வேலை. கோபுரத்தில் ஏறி கியர் ஆயில் மாற்றுவது, போல்ட் முறுக்குவது, இறக்கையில் கீறல் பார்ப்பது.

பெண் பார்க்க வந்த அன்றே, "நீ ஓட்டுற பிரேமுக்கு நாந்தான் கரண்டு அனுப்புறேன்" என்று சொன்ன மனுஷன். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. ஆனி, ஆடியில் காற்று அள்ளிக்கொண்டு போகும்போது அவர் காற்றுக் கட்சி. காற்று ஓய்ந்ததும் சத்தமில்லாமல் சூரியன் கட்சிக்கு மாறிவிடுவார். அரசியல்வாதிகூட இவ்வளவு ஒழுங்காகக் கட்சி மாற மாட்டான்.

என் தம்பி சாமுவேல், வீட்டில் சாமு, எதிர்க்கட்சி. தெற்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் பம்புகளைப் பராமரிக்கிற பிரிவில் இருக்கிறான். அவனுக்கு வேலை கிடைத்த காலத்தில் அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் அந்த ஊர்களில் பெண் எடுத்தவர்களும் உண்டு, கொடுத்தவர்களும் உண்டு. ஒரே ஆராதனையில் முன் பெஞ்சில் இருப்பவர், "அந்த உலை வராமல் காத்தருளும்" என்று ஜெபிப்பார். பின் பெஞ்சில் எங்கள் அம்மா, "என் பிள்ளைக்கு வேலை நிலைக்கணும் ஆண்டவரே" என்று ஜெபிப்பாள். இரண்டுக்கும் நான் ஆமென் சொல்லியிருக்கிறேன்.

சாமு லீவில் வந்தால் கையில் நெத்திலிக் கருவாடு இருக்கும், வாயில் சண்டை இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். "என்ன அத்தான், இன்னைக்கு ஒங்க காத்து வேலைக்கு வந்துச்சா, லீவா?"

"எங்க காத்து லீவு போட்டா யாரும் ஊரைக் காலி பண்ண வேண்டாம் மாப்ள" என்பார் இவர்.

அவர்கள் சண்டையை வேடிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் சாமு, வேலைக்குள் போகும்போது உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்கிற அட்டையைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் போவோம், எங்கள் இடத்தில் அவ்வளவு பாதுகாப்பு என்று பெருமையாகச் சொன்னான். இவர் விடவில்லை.

"எங்க வேலையில விழுந்தா கால் ஒடியும். அப்பவே தெரிஞ்சுரும். ஒங்க வேலையில பட்டுச்சா படலையான்னு தெரியவே ஒரு அட்டை வேணும். அதத்தான் நான் பயம்னு சொல்லுதேன்."

சாமு சட்டென்று கேட்டான்: "கோபுரத்துல இருந்து விழுந்த எல்லாருக்கும் காலுதான் ஒடிஞ்சதா அத்தான்?"

இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். இவரோடு கூடவே ஏறுகிற சிநேகிதர் ஒருவர் இறங்கும்போது விழுந்து போய்ச் சேர்ந்தது சாமுவுக்கும் தெரியும். அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. கருவாட்டுக் குழம்பை நான் ஒருத்தி தின்றேன்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். இத்தனை வருஷச் சண்டையில் நிலக்கரி என்ற சொல்லை இரண்டு பேருமே எடுத்ததில்லை. நாட்டில் பாதிக்கு மேல் கரண்ட் தருவது அதுதான் என்று பத்திரிகையில் படித்தால் எனக்கே தெரிகிறது. ஆனால் சண்டைக்காரர்களுக்கு மூன்றாவது ஆள் பிடிக்காது.

இரண்டு வீடு, ஒரு மூக்கு

மிஷின் வந்த பிறகு சண்டையின் குணம் மாறியது. அதுவரை நாட்டுக்கு எந்தக் கரண்ட் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அக்காவை எங்கே வைத்துக்கொள்வது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"எங்க குவார்ட்டர்ஸுக்கு வந்துரு. அங்க கரண்டு போறது அபூர்வம். இங்க மாதிரி மேகம் கறுத்தா நிக்காது" என்று சாமு சொன்னான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். அப்பா போன பிறகு அவனை வளர்த்ததில் பாதி நான். அவன் கண் கலங்கினால் எனக்குத் தாங்காது.

"உலை வாசல்ல போயி உக்காந்து நல்ல மூச்சு விடணுமாக்கும்" என்று இவர் முறைத்தார்.

ஒரு வாரம் அங்கே போய் இருந்தும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அங்கே எனக்கு மூச்சு லேசாகத்தான் இருந்தது. கடல் காற்று, தூசி இல்லாத ரோடு, தம்பி பொண்டாட்டி தட்டில் வைத்து நீட்டுகிற பழத்துண்டு. ஆனால் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை நான் விருந்தாளி. அடுப்படிக்குள் போனால், "உக்காருங்க மதினி" என்றாள். என் வீட்டில் நான் மூச்சுத் திணறினாலும் திட்டிக்கொண்டே திணறலாம். அங்கே மரியாதையாகத் திணற வேண்டும்.

திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். வீட்டு மொட்டைமாடியில் பேனல் போட ஏற்பாடு செய்துவிட்டார். அதற்குக் காரணம் கூமாப்பட்டி. அங்கே அவர் சிநேகிதர் ஒருவரின் தென்னந்தோப்பில் சோலார் மோட்டார் ஓடுகிறது. ஊரில் கரண்ட் இல்லாத நேரத்தில்கூட வெயில் பட்டதும் தண்ணீர் கொட்டியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அன்று முதல் அவருக்கு வேறு பேச்சில்லை.

"ஏட்டி, இனிமே பகல்ல ஒனக்கு லைனைப் பத்திக் கவலையே வேண்டாம். மேல சூரியன் இருக்கு, மிஷின் ஓடும்."

பேனல் வந்தது. மாடியில் ஏற்றி, வயரும் இழுத்தாயிற்று. வேலைக்கு வந்த பையன் ஏதோ சொல்ல வந்தான். "சார், கரண்ட் இல்லாதப்ப இது..." என்று ஆரம்பித்தான். "அதெல்லாம் நமக்குத் தெரியும் தம்பி, காத்தாடியே பாத்தவன் நான்" என்று இவர் அவன் வாயை அடைத்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கரண்ட் ஆபீசிலிருந்து வந்து புது மீட்டர் மாட்டினால்தான் ஓட்டலாம் என்றார்கள். மீட்டருக்காகக் காத்திருந்தோம். மீட்டர் வந்த மறுநாள் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று இவர் முடிவே செய்துவிட்டார். எனக்கும் அந்தச் சிலிண்டர் சுவரோரம் நிற்பது பிடிக்காது. யாரோ வந்து என்னைக் கூட்டிப்போக நிற்கிற மாதிரியே இருக்கும். சரி என்றேன்.

அந்தச் சமயத்தில் சாமு வந்திருந்தான். மாடிக்குப் போய்ப் பேனலைப் பார்த்தான், கீழே வந்து சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் பெட்டியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தானின் மனம் நோகக் கூடாது என்று இருக்கிறான்போல என்று நினைத்து, மீன் குழம்பில் அவனுக்கு ஒரு துண்டு கூடப் போட்டேன்.

அசனப் பட்டிமன்றம்

அசனம் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தரம் எங்கள் கோயிலில் சபையார் எல்லோரும் சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி வரும். அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி வேகும். கறி வேகிற நேரத்தில் ஜனங்கள் பசியோடு சண்டை போடாமல் இருக்க, மேடையில் ஏதாவது நிகழ்ச்சி வைப்பார்கள்.

இந்தத் தரம் வாலிபர் சங்கத்தார் பட்டிமன்றம் என்றார்கள். தலைப்பு: "நாட்டுக்கு வெளிச்சம் தருவது அணுவா? காற்றும் கதிருமா?" பேச்சாளர்களுக்கு அவர்கள் வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார்கள். நடுவராக என்னைக் கேட்டபோது, "ரெண்டு பேருக்கும் சோறு போடுறது நீங்கதான, நடுவுல நிக்க ஒங்களால மட்டுந்தான் முடியும்" என்றார்கள். எனக்கும் வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போயிருந்தது. நல்ல சேலை கட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சம்மதித்துவிட்டேன்.

கோயில் கூரைக்கும் வெளிநாட்டில் இருக்கிற சபையார் ஒருவர் உபயத்தில் பேனல் வந்திருந்தது. எங்கள் வீட்டில் போட்ட அதே ஆட்கள், அதே வகை. அங்கே மீட்டர் மாட்டி, அந்த வாரம்தான் ஓட ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் கமிட்டியிடம் போய், இந்தத் தரம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது சிலிண்டரைத் தூக்கப் போனேன். "எதுக்கு? மேல சூரியன், கீழ லைனு. ஒண்ணு போனா ஒண்ணு" என்று தடுத்துவிட்டார்.

சாமு முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். வெயிலும் காற்றும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் நிற்காமல் ஓடுகிற கரண்ட் வேண்டும் என்றான். புகை இல்லை என்றான். உட்காரும்போது என் பக்கம் குனிந்து, "அக்கா, முக்கியமான பாயிண்டு ஒண்ணு இருக்கு. கடைசிச் சுத்துல விடுறேன் பாரு" என்று சிரித்தான்.

இவர் எழுந்தார். எரித்து முடித்த எரிபொருளை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், அதற்கு யார் பேரப்பிள்ளை காவல் இருப்பான் என்று கேட்டார். கைதட்டு விழுந்தது. அந்தத் தெம்பில் கையைக் கூரைப் பக்கம் நீட்டினார். அப்போதுதான் மைக் செத்தது.

ஜனங்கள் சிரித்தார்கள். சாமு துள்ளி எழுந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"இதத்தான் சொல்ல இருந்தேன்! பேட்டரி இல்லாத பேனலு இது. லைன் நின்னா இதுவும் சேந்து நின்னுரும். ரெண்டு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு வச்சிருந்தேன் அத்தான், மேடைக்குன்னு!"

அந்த வகைப் பேனல் அப்படித்தானாம். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன்மீது வீட்டுக் கூரையிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, லைன் நின்றதும் தானும் நின்றுவிடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். கூமாப்பட்டி மோட்டார் வேறு வகை, அது லைனோடு சேராதது. லைன் போனால் இவருடைய காற்றாடிகளும் நிற்கும். அது இவருக்கு ஆயுசு முழுக்கத் தெரியும். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய பொருளின் மேல் மனுஷனுக்குச் சந்தேகம் வருவதில்லையே.

இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அந்த நேரம் விளங்கியது ஒன்றுதான். மேஜைக்கு அடியில் மிஷின் கத்திக்கொண்டிருந்தது.

ஒரே மொபெட்டில் இரண்டு கட்சி

சாமுவின் கை தட்டுவதற்காக உயர்ந்த நிலையில் நின்றது. சத்தம் அவன் காதில் அப்போதுதான் விழுந்தது. அவன் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. சந்தோஷம் போய்ப் பயம் வருவதற்கு நடுவில், அவன் ஏழெட்டு வயசுப் பிள்ளையாகி என்னைப் பார்த்தான்.

"சிலிண்டர் எங்க?"

"வீட்ல" என்றார் இவர்.

மேடையிலிருந்து இரண்டு பேரும் குதித்து ஓடினார்கள். இவருடைய பழைய மொபெட் முதல் உதையில் எடுக்காது. அன்றும் எடுக்கவில்லை. சாமு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடி, அது எடுத்ததும் தாவி ஏறிக்கொண்டான். அவன் செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது.

வீடு பக்கம்தான். ஆனால் மூச்சுக்குப் பக்கம், தூரம் தெரியாது. கறி அடுப்பின் விறகுப் புகை பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. போதகரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுவோம், பெண்களைக் கூட்டி என்னை நாற்காலியோடு தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். பாட்டுப் புஸ்தகத்தால் விசிறினார்கள். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல் மெல்ல ஊதினேன். விரல் நுனி குளிர்ந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாவு பயம் அப்புறம்தான். ஆத்திரம்தான் முதலில். இத்தனை மாதம் என் மூக்கை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்ட இரண்டு பேரில், ஒருவருக்கும் நான் நினைவுக்கு வரவில்லையே!

மொபெட் சத்தம் கேட்டது. இவர் ஓட்ட, பின்னால் சாமு சிலிண்டரைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு வந்தான். இவர் குழாயை மாட்டினார். சாமு சாவியைத் திருகினான். அது அவன் கைக்கு அசையவில்லை. இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து திருகினார்.

உஸ்ஸென்று காற்று வந்தது. இழை ஒட்டினதும் பிரேம் மறுபடி ஓடத் தொடங்குகிற மாதிரி, எனக்குள் ஒன்று ஓடத் தொடங்கியது.

தீர்ப்பு

போதகர் கூட்டத்தை முடித்துவிடலாம் என்றார். ஜெபம் பண்ணிவிட்டுப் பந்தி போடலாம், கறியும் வெந்துவிட்டது என்றார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். நடுவர் தீர்ப்பு சொல்லாமல் பட்டிமன்றம் முடியாது.

மைக் இல்லை. எனக்குக் குரலும் இல்லை. ஐயரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்கிறதை ஒவ்வொன்றாக வாங்கி ஜனங்களுக்கு உரக்கச் சொன்னார்கள்.

"சாமுவுக்குத் தெரியும். சொல்லல."

ஐயரம்மா திருப்பிச் சொன்னார்கள். சாமு வெறுங்காலோடு மண்ணில் உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவியளுக்குத் தெரியாது. கேக்கல. சொல்ல வந்தவனையும் சொல்ல விடல."

ஐயரம்மா இதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்கள். இவர் முகத்தில் இருந்த நிம்மதி போய்விட்டது.

"ரெண்டு கட்சியும் தோத்துப்போச்சு. சாப்பிடப் போங்க."

ஜனங்கள் ஒவ்வொருத்தராக எழுந்து பந்திக்குப் போனார்கள். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்ததாம். பாயசம் பரிமாறும்போது கரண்ட் வந்தது. ஆளில்லாத மேடையில் மைக் ஊளையிட்டது.

சாமு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"எல்லாரும் இருக்கும்போது சொன்னா அத்தானால மறுக்க முடியாது, ஒன்னை அனுப்பிருவாவன்னு நெனச்சேங்க்கா. ஒன்னை எங்கூட வச்சிக்கிடணும்னுதான்."

அது பொய் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. "நான் இங்கதான் இருப்பேன். இனி தெரிஞ்சதை எங்கிட்ட மொதல்ல சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது

வீட்டுக்குப் பேட்டரி வந்துவிட்டது. எந்த மூலையில் வைப்பது என்று இரண்டு பேரும் அரை நாள் சண்டை போட்டு, கடைசியில் என் தையல் மிஷின் இருந்த இடத்தில் வைத்தார்கள். வேலைக்கு வந்த பையன் பேசியதை என் வீட்டுக்காரர் இந்தத் தரம் கைகட்டிக் கேட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு அவனை ஒரு வழி பண்ணிவிட்டார். சிலிண்டரை நான் அனுப்பவில்லை. அது சுவரோரம் நிற்கிறது. இப்போது அதைப் பார்த்தால் அவ்வளவு கோபம் வருவதில்லை.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. லைன் போய் பேட்டரி பிடித்துக்கொள்கிற அந்த இமைப்பொழுதில் இன்றைக்கும் கை நாற்காலியை இறுக்கிக்கொள்கிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. சாமு இப்போதெல்லாம் தினம் போன் பண்ணுகிறான். சண்டைக்கு இல்லை. "அக்கா, எங்க ஒரு யூனிட்டைப் பராமரிப்புக்கு நிப்பாட்டிருக்கோம். ஒனக்கு ஒண்ணும் ஆகாது. சும்மா சொல்லுதேன்" என்பான். போன வாரம், மழையில் அவர்கள் குவார்ட்டர்ஸிலும் கரண்ட் போய்விட்டது என்று அவனாகவே சொன்னான். முன்பென்றால் கழுத்தை அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டான். இவரும் மாடியிலிருந்து இறங்கி வரும்போதே, "இன்னைக்கு மேக மூட்டம், பேனல் சரியா எடுக்கல" என்று என்னிடம் ஒப்பிக்கிறார். தோல்வியைச் சொல்லிப் பழகுகிறார்கள், பாவம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் மலைப்பக்கம் கறுத்திருக்கிறது. காற்று அசையவில்லை. சாமு போனில் இருக்கிறான், ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். இவர் பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். என் பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இந்த நிமிஷம் இது எதுல ஓடுது? ஒன் அணுவிலயா, இவிய காத்துலயா, வெயில்லயா, இல்ல கரியிலயா?" என்று கேட்டேன்.

இவர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"தெரியலக்கா" என்றான் சாமு.

இவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் தெரியலட்டி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை இவர்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் நான் கேட்டது இன்றுதான்.